பேருக்கென்று விட்ட இடம்

மார்ச் 3, ஞாயிறு

என் மகன் பெரியவன் வீட்டு மூத்த பேரன் ஆடிட்டர் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறிவிட்டான். கூட எழுதினவர்களில் பாதிப் பேர் மறுபடி எழுத வேண்டுமாம். மூத்த பேத்தி கண் டாக்டருக்குப் படிக்கிறாள். முந்தாநாள் முதன்முதலாகத் தன் கையாலேயே ஒரு பெரியவருக்குப் புரை எடுத்திருக்கிறாள். கட்டுப் பிரித்ததும் அந்த மனுஷர், "இந்தச் சுவத்துல இவ்வளவு அழுக்கா இருந்துச்சு?" என்று கேட்டாராம். மூன்றாவது, நம் வாலு, நீச்சலில் கோப்பை வாங்கிவிட்டான். தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். என் நடுப் பெண் பெற்ற இரட்டையரில் ஒருவன் விமானம் ஓட்டப் பழகுகிறான், ஒருத்தி சட்டம் படிக்கிறாள். அவன் மேலே போகட்டும், இவள் கீழே வாதாடட்டும்.

காலையில் பால்காரரிடம் எல்லாம் சொன்னேன். "போன வாரமும் சொன்னீங்களேம்மா" என்றார். போன வாரம் புரை எடுக்கவில்லையே!

என் கடைசிப் பெண் சின்னவளுக்கு இன்று ஆறாவது வெள்ளி டம்ளர் கிடைத்துவிட்டது. அதையும் எழுத வேண்டும்.

மற்ற வீட்டில் பெண்கள் வெள்ளி வாங்கினால் தட்டு, குத்துவிளக்கு என்று புதிதாக, பளபளவென்று வாங்குவார்கள். இவள் வாங்குவது எல்லாம் பழசு. சீனாவில் தட்டார்கள் செய்து, வெள்ளைக்காரர்களுக்கென்று கப்பலேற்றி அனுப்பின சாமானாம். சீனாக்காரன் செய்தான், வெள்ளைக்காரன் குடித்தான், என் பெண் துடைக்கிறாள். மூங்கில் கணு போலக் காம்பு வைத்த ஸ்பூன்கள், பூப்போட்ட சின்னப் பெட்டி, ஒரு தட்டு என்று ஹாலில் கண்ணாடி அலமாரி நிறைய வைத்திருக்கிறாள். ஈரம் ஏறாமல் இருக்க மூலைக்கு மூலை சாக்பீஸ் வேறு.

எல்லாவற்றிலும் அவள் உயிரை வைத்திருப்பது இந்த டம்ளர்களில்தான். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. ஒரே பட்டறையில் ஒரே கை செய்த ஆறு, எங்கெங்கோ பிரிந்து போய்க் கிடந்தனவாம். ஏலத்தில் ஒன்று, மூடப்போன ஓட்டலில் ஒன்று, யாரோ ஒரு கிழவி வீட்டு மருந்து அலமாரியில் ஒன்று என்று வருஷக்கணக்காகத் தேடிச் சேர்த்தாள். சுற்றி ஒரு டிராகன் மேகத்துக்குள் புகுந்து புகுந்து வருகிறது. நான் மீசைப் பல்லி என்பேன். முன் பக்கத்தில் அதன் நகங்களுக்கு நடுவே கேடயம் மாதிரி வழவழவென்று ஓர் இடம். அங்கே மட்டும் ஒன்றுமே கிடையாது.

"ஊரெல்லாம் செதுக்கிட்டு நடுவுல மட்டும் ஏன்டி மொட்டையா விட்டுட்டான்?" என்று கேட்டேன்.

"அதுதாம்மா அழகே" என்றாள். அவள் கண் டம்ளரை விட்டு எழும்பவில்லை. நானும் மேலே கேட்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

பற்பசை போட்டு அந்தப் புது டம்ளரைத் தேய்க்கப் பார்த்தேன். சின்னவள் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து மருமகள் இறங்கி வந்துவிட்டாள். "அந்தக் கருப்பு அழுக்கு இல்லம்மா, அதோட வயசு" என்கிறாள். அப்படிப் பார்த்தால் என் முழங்கையையும் தேய்க்கக் கூடாது.

மார்ச் 9, சனி

எங்கள் ஊர் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். தடிக் கண்ணாடி, அதற்கு மேல் இன்னொரு பூதக்கண்ணாடி. நான் மனதுக்குள் கண்ணாடிக்காரி என்று பேர் வைத்துவிட்டேன். பழைய வெள்ளிக்கென்று ஒரு கூடம் திறக்கப் போகிறார்களாம். சின்னவளுடைய ஆறு டம்ளர்களையும் நுழைந்தவுடன் கண்ணில் படுகிற இடத்தில், இன்னார் சேர்த்தது என்று எழுதி வைக்கலாமா என்று பார்க்க வந்திருக்கிறாள்.

சின்னவள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மேஜை மேல் வெள்ளைத் துணி விரித்து ஆறையும் வரிசையாக வைத்துவிட்டு, பெண் பார்க்க வந்த வீட்டில் நிற்கிற மாதிரி நின்றாள். அவளைப் பெண் பார்க்க வந்தபோதெல்லாம் இப்படி நின்றதில்லை. நாற்பத்தெட்டு வயதாகிறது, இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, கல்யாணம் வேண்டாம் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். யாரும் வந்து அவளிடம் 'இதைக் கொடுப்பீர்களா' என்று ஆசையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. இன்றுதான் பார்த்தேன்.

நான் டீ எடுத்துக்கொண்டு போகும்போது கண்ணாடிக்காரி ஆறாவதைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறும் சேர்ந்து கிடைக்கிறதே பெரிய விஷயம்ங்க. ஆனா இதுல பேர் இல்லையே."

"தேஞ்சிருக்கு..." என்று சின்னவள் இழுத்தாள்.

"பேர் இல்லாம வச்சா மதிப்பே இல்ல. கமிட்டில மொதல்ல அதைத்தான் கேப்பாங்க, பேர் இருக்கான்னு. நான் பேசிப் பாக்கறேன். ஆனா நம்பிக்கை வச்சுக்காதீங்க."

அவள் போன பிறகு சின்னவள் டம்ளர்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது. "என்னடி?" என்றேன். "ஒண்ணும் இல்லம்மா, ஒரு பேரால நிக்குது" என்றாள்.

மார்ச் 12, செவ்வாய்

சின்னவள் ஆபீஸ் பயிற்சி என்று வெளியூர் போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வருவாள். வாசலில் செருப்பு மாட்டும்போதுகூட போனில் கண்ணாடிக்காரியிடம் பேச்சு. பேர், பேர், பேர்.

இத்தனை படித்த பிள்ளைகள், ஒரு பேருக்கா இப்படித் தவிப்பது?

மார்ச் 14, வியாழன்

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். யாருக்கும் சொல்லவில்லை, இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஆறு டம்ளரையும் பையில் போட்டுக்கொண்டு, தெருமுனைப் பாத்திரக்கடைக்குப் போய்ப் பேர் வெட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அலமாரிச் சாவி ஆணியில்தான் தொங்கும். என் வீட்டில் எந்தப் பாத்திரம் பேர் வெட்டாமல் இருந்திருக்கிறது? விசேஷ வீட்டுக்குக் கொடுத்த குண்டான்கூடப் பேர் இருந்ததால்தான் திரும்பி வந்தது. பேர் இல்லாத பாத்திரம் யார் வீட்டுப் பாத்திரமும் ஆகிவிடும். இது தெரிந்ததால்தானே காட்சியகத்திலும் கேட்கிறார்கள்.

கடைக்காரர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பழசு மாதிரி இருக்கே பெரியம்மா. வீட்ல கேட்டுக்கிட்டீங்களா?"

"வீட்டுக்குப் பெரியவளே நான்தான். நான் யாரைக் கேக்கணும்?"

"அதுவும் சரி. இங்க பாருங்க, நடுவுல எவ்வளவு அழகா இடம் விட்டிருக்கான். பேருக்குன்னே விட்ட இடம் இது."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊரெல்லாம் செதுக்கினவன் நடுவில் எதற்கு மொட்டையாக விட்டான் என்று. பேருக்குத்தான்! சின்னவளுக்கு இது தோன்றவில்லை பார்.

முதலில் மூத்த பேரன் பேர், இனிஷியலோடு. பிறகு டாக்டர், பிறகு வாலு, பிறகு இரட்டையர் இருவர். கடைக்காரர் ஒவ்வொரு பேருக்கும் புள்ளி புள்ளியாக வெட்டுகிற அந்த மிஷினை நிறுத்தி, "இவங்க என்ன பண்றாங்க?" என்று கேட்டார். சொன்னேன். விமானம் ஓட்டுகிறவனுக்கு மட்டும் எழுத்தைக் கொஞ்சம் சாய்த்து வெட்டினார், பறக்கிற மாதிரி. நல்ல மனுஷர்.

"ஆறாவதுக்கு யார் பேரு?"

யோசித்தேன். அஞ்சு பேரோடு முடிந்துவிட்டது. மூத்தவனுக்கு அடுத்த வருஷம் கல்யாணம் ஆகிவிடும். "அது இருக்கட்டும், கொள்ளுப் பேரன் வருவான்" என்றேன். ஆறில் ஐந்தில் பேர் இருந்தால் போதாதா? கமிட்டி அவ்வளவு கண்டிப்பாகவா இருக்கும்?

துணியில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டும்.

மார்ச் 15, வெள்ளி

சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா, பேர் பிரச்சினை தீந்துடுச்சு!" என்றாள்.

"தெரியும். நான்தான் தீத்துட்டேனே" என்றேன்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. பேசிக்கொண்டே போனாள். மற்ற ஐந்து டம்ளரின் அடியிலும் செய்த பட்டறையின் முத்திரை இருக்கிறதாம், அதை வைத்தே ஆறாவதும் அதே கைதான் என்று எழுதிக்கொள்ளலாமாம், கமிட்டி ஒத்துக்கொண்டதாம். ஆறும் போகப் போகிறதாம்.

அடியிலா? முத்திரையா?

அவள் அலமாரியைத் திறந்தாள். துணியைப் பிரித்தாள்.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். கட்டைவிரலால் அந்தப் புள்ளி எழுத்தைத் தடவிப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். அடுத்ததை. ஐந்தையும் மேஜையில் வைத்துவிட்டு ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீயும் அந்த அம்மாவும் பேர் இல்ல, பேர் இல்லன்னு சொன்னீங்களேடி. அதான்..."

"செஞ்சவன் பேரும்மா. அடியில இருக்கும். செஞ்சவன் பேரு."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"இந்த இடம் வாங்கறவங்க பேருக்காக விட்டது. நூறு வருஷத்துக்கு மேல எத்தனையோ கை மாறியிருக்கு, ஒருத்தர்கூடப் போடல. ஆறுலயும் போடல. அதுதாம்மா இதுல விசேஷமே."

அவள் ஆறாவதைத் திருப்பினாள்.

"இதுல ஏன் போடல?"

"அது... பெரியவன் பிள்ளைக்குக் கல்யாணம் ஆச்சுன்னா, பொறக்கப்போற குழந்தைக்கு..."

"பொறக்கப்போற குழந்தைக்கா?"

சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். அப்புறம் சொன்னாள், "நல்லவேளைம்மா. என் பேர் உனக்கு ஞாபகம் வந்திருந்தா இதுவும் போயிருக்கும்."

மார்ச் 16, சனி

நல்லவேளை என்கிறாள். நல்லவேளையாம்.

மார்ச் 17, ஞாயிறு

கண்ணை மூடினால் கடைக்காரர் குரல். ஆறாவதுக்கு யார் பேரு, ஆறாவதுக்கு யார் பேரு.

நான் அவளை மறந்தா போனேன்? தினமும் அவள் தட்டில்தானே முதல் சோறு போடுகிறேன்! அவளுக்கு இருமல் வந்தால் எனக்குத் தூக்கம் வராது. டம்ளர் அவளுடையது, அலமாரி அவளுடையது, சேர்த்தவள் அவள், அவள் பேர் எதற்கு என்று நினைத்திருப்பேன். அப்படித்தான் நினைத்தேனா? இல்லை. நினைக்கவே இல்லை. கடைக்காரர் கேட்டபோது, இன்னும் பொறக்காத ஒரு பிள்ளை ஞாபகத்துக்கு வந்துது, இவ வரல. அதுதான் நடந்துது.

மார்ச் 20, புதன்

கண்ணாடிக்காரி வந்தாள். ஐந்தையும் பார்த்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, சமையலறை வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேர் வெட்டின சாமானையும் வைக்கறது உண்டுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "அந்தக் காலத்துல வாங்கினவங்க வெட்டியிருந்தா அதுவும் ஒரு சரித்திரந்தான்."

அதற்குச் சின்னவள், "நூறு வருஷத்துக்கு முன்னாடி வெட்டியிருந்தா சரித்திரம். போன வியாழக்கிழமை வெட்டினா எங்கம்மா" என்றாள்.

கண்ணாடிக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னவள் அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சுருக்கென்று இருந்திருக்காது.

மார்ச் 22, வெள்ளி

சின்னவள் ஆபீசுக்குப் போனதும் நகை ஆசாரியிடம் ஐந்தையும் எடுத்துப் போனேன். அழிக்க முடியுமா என்று கேட்டேன். ஒற்றைக் கண்ணில் வில்லையை மாட்டிப் பார்த்தார்.

"தேய்ச்சா பேர் போயிடும். கூடவே இடமும் போயிடும். தகடு மெலிசும்மா, பள்ளம் விழும். பேர் இருந்த இடம்னு எவனுக்கும் தெரியும்."

திரும்பி வரும்போது பை கனத்தது. எடுத்துப் போனதும் அதே ஐந்துதான்.

மார்ச் 24, ஞாயிறு

பெரியவன் மாடியிலிருந்து சாப்பிட வந்தான். வாலு ஒரு டம்ளரைத் தூக்கிப் பார்த்து, "ஐ, என் பேரு! டிராகன் என் பேரைப் புடிச்சுட்டு இருக்கு பாட்டி!" என்று குதித்தான். மூத்தவன் போனில், "பாட்டி, உலகத்துலயே சீனா வெள்ளில பேர் இருக்கிற ஒரே ஆடிட்டர் நான்தான்" என்று சிரிக்கிறான். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டியது. போன மாதமாக இருந்தால் இருந்திருக்கும்.

பெரியவன் ஒரு வார்த்தை சொன்னான். "விடு சின்னது. வெள்ளி வெள்ளிதானே? பேர் வெட்டினா எடை குறைஞ்சா போச்சு?"

மருமகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? சூழ்நிலை லேசாகட்டும் என்று. சின்னவள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைத்தான் பார்த்தாள், அண்ணனைப் பார்க்கவில்லை.

நான் சிரிச்சிருக்கக் கூடாது.

மார்ச் 29, வெள்ளி

பேசுகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். மாத்திரை எடுத்து வைக்கிறாள். "அம்மா" என்று கூப்பிடும்போது முன்பெல்லாம் கடைசியில் ஒரு இழுப்பு இருக்கும். அது இல்லை.

ஏப்ரல் 6, சனி

பெரிய தப்பு செய்துவிட்டேன். முதல் தப்பைவிடப் பெரியது.

இத்தனை நாளும் மனதில் போட்டுக் குமைந்துகொண்டிருந்தேன். இன்று அவள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆறாவது டம்ளர் கையில் இருந்தது. நல்ல முகமாகத்தான் இருந்தாள். இதுதான் சமயம் என்று பக்கத்தில் போய், "சின்னது, மனசுல ஒண்ணும் வச்சுக்காதேடி. அந்த ஆறாவதுல உன் பேரை வெட்டிடறேன். நாளைக்கே போறேன். மத்தவங்களைவிடப் பெரிய எழுத்துல போடச் சொல்றேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை. கோபம் இல்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவள், மாடு வருகிறது என்றால் எப்படி ஒதுங்குவாளோ, அப்படி டம்ளரை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஓர் அடி பின்னால் போனாள். என்னிடமிருந்து.

"உனக்குப் புரியவே இல்லல்லம்மா?"

"என்னடி புரியணும்? உன் பேரு வேணும்னுதானே..."

"எனக்குப் பேர் வேணாம்மா. நான் என்ன வச்சிருக்கேன்னு நீ ஒரு தடவை கேட்டிருந்தா போதும்."

பதினைந்து வருஷமோ இருபது வருஷமோ, இந்த அலமாரி என் கண்ணெதிரே இருக்கிறது. கேலிதான் செய்திருக்கிறேன். ஒரு தடவை கேட்டேன், நடுவில் ஏன் மொட்டை என்று. அவள் வாய் திறந்தாள், நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

காலையில் சின்னவள் கண்ணாடிக்காரி வீட்டுக்கே போய் ஆறாவதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஒன்று மட்டுமானாலும் வைக்கிறார்களாம். கூடத்தின் முகப்பில் இல்லை, உள்ளே எங்கோ ஓரமாக. "திறக்கறதுக்குத்தான் இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று மருமகள் கேட்டதற்கு, "வீட்ல இருக்கிறது பத்திரம் இல்ல அண்ணி" என்றாளாம்.

ஏப்ரல் 12, வெள்ளி

மருமகள்தான் சொன்னாள். சின்னவளுக்கு ஆபீசில் மேல் பதவி கொடுத்து வேறு ஊர்க் கிளைக்குத் தலைவியாக வரச் சொல்லி இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அம்மாவை விட்டுவிட்டு வர முடியாது என்று மறுத்துக்கொண்டே இருந்தாளாம். இந்த வாரம் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

கிளைக்குத் தலைவி. என் பெண்ணை! இரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. நீச்சல் கோப்பை வந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. இது தெரியாது.

ஏப்ரல் 28, ஞாயிறு

போய்விட்டாள். ஸ்பூன்கள், பெட்டி, தட்டு எல்லாம் துணியில் சுற்றி மரப்பெட்டியில் அடுக்கினாள். பேர் வெட்டின ஐந்தையும் அலமாரியில் வரிசையாக வைத்தாள்.

"இதை எடுத்துக்கலையா?"

"அதெல்லாம் அவங்க சாமான்மா. பேர் இருக்கே."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் என்பது போலச் சொன்னாள். கிளம்பும்போது என் தோளில் கை வைத்து, "மாத்திரையை மறக்காதே, நான் ஞாயித்துக்கிழமை பேசறேன்" என்றாள். ஒரு நிமிஷம் இரு என்று சொல்ல நினைத்தேன். இருந்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வண்டிக்காரர் பெட்டியைத் தூக்கினார், "என்னங்க உள்ள, இரும்பா?" என்று கேட்டார். "எங்க பொண்ணு..." என்று ஆரம்பித்தேன். அவர் போய்விட்டார்.

மே 19, ஞாயிறு

பேசினாள். வேலை அதிகமாம். வீடு ஆபீசுக்குப் பக்கமாம். சாப்பாடு பழகிவிட்டதாம். நான், "அந்தச் சாமான்லாம் எப்படி இருக்கு? அதுல மூங்கில் மாதிரி காம்பு ஏன் வைக்கிறான்?" என்று கேட்டேன்.

"என்னம்மா திடீர்னு?"

"சும்மாதான்."

"அப்புறம் சொல்றேன்மா, யாரோ வந்திருக்காங்க."

யாரும் வந்திருக்க மாட்டார்கள். மணி அடிக்கிற சத்தமே கேட்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

வாலு மாவட்டத்தில் முதலாவதாக வந்துவிட்டான். எழுதி வைக்கிறேன். யாரிடமும் போய்ச் சொல்லவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

"காட்சியகத்துல அந்தக் கூடத்தை எப்போ திறக்கிறாங்க?" என்று கேட்டேன். "இன்னும் தேதி சொல்லலம்மா" என்றாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இன்று மருமகளைக் கூட்டிக்கொண்டு காட்சியகத்துக்குப் போனேன். பேப்பரில் பார்த்துவிட்டு மருமகள்தான் சொன்னாள், திறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை போன் வருமே என்று கையிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

பெரிய கூடம். குளிர் அடித்தது. முகப்பில் யாரோ கொடுத்த பெரிய வெள்ளி டீக்கெண்டி. அதைத் தாண்டி, அதற்கும் தாண்டி, ஜன்னல் ஓரத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒற்றை டம்ளர். மேலே ஒரு சின்ன விளக்கு. எங்கள் வீட்டு அலமாரியில் அது இப்படி இருந்ததே இல்லை. இல்லை, இருந்திருக்கும். நான் நின்று பார்த்ததில்லை. மேகத்துக்குள்ளிருந்து அந்த டிராகன் முழுசாக வெளியே வருவதே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் காட்டுகிறது, கொஞ்சம் ஒளிகிறது. நான்கு விரல்களும் அந்த வெறும் இடத்தைச் சுற்றி, தொடாமல் நிற்கின்றன. அந்த இடத்தில் விளக்கு விழுந்து பளிச்சென்று இருந்தது. குனிந்தால் என் முகம்கூடத் தெரிந்தது.

கீழே ஒரு அட்டை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். டம்ளர் எப்போது செய்தது, எந்த ஊர் என்று நாலு வரி. கடைசி வரியில், 'கண்டெடுத்துப் பாதுகாத்து அளித்தவர்' என்று போட்டு, அச்சு எழுத்தில் அவள் பேர். இனிஷியலோடு. அவள் அப்பா பேரின் முதல் எழுத்தும் சேர்த்து.

மருமகளுக்கு முன்னால் அழக் கூடாது என்று திரும்பிக்கொண்டேன். அங்கே நின்ற காவலாளி நாற்காலி இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. என்ன, தெரிஞ்சவங்க பேரா?"

"என் பொண்ணு" என்றேன். "என் சின்னப் பொண்ணு."

"அடேயப்பா! அவங்க அம்மாவா நீங்க? திறந்த அன்னைக்கு வந்திருந்தாங்களே. வந்தவங்க எல்லாருக்கும் இங்கயே நின்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சாயங்காலம் வரைக்கும். சிரிச்ச முகம். சின்னப் பிள்ளைங்க கேட்டாக்கூட உக்காந்து விளக்கறாங்க. நானே கத்துக்கிட்டேன்னா பாருங்களேன்."

திறந்த அன்றைக்கு வந்திருக்கிறாள். இந்த ஊருக்கு. காலையில் வந்து, சாயங்காலம் வரை நின்று, பிறகு வண்டி ஏறியிருக்கிறாள். காட்சியகத்திலிருந்து வீடு மூன்று தெரு.

மருமகள் தரையைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது. அல்லது தெரியுமோ.

"என்ன வேலை பாக்கறாங்கம்மா உங்க பொண்ணு?" என்று காவலாளி கேட்டார்.

"இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கிளைக்குத் தலைவி" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வது? அவளுக்குக் கீழே எத்தனை பேர், காலையில் எத்தனை மணிக்குப் போகிறாள், அங்கே யார் அவளுக்குச் சிநேகிதம், ஒன்றும் தெரியாது. பேத்தி புரை எடுத்த கிழவர் என்ன சொன்னார் என்பது தெரியும். அவர் சொன்னதைச் சொல்லி எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். என் பெண் இங்கே நின்று ஒரு நாள் முழுக்க என்ன சொன்னாள் என்பது, இந்தக் காவலாளிக்குத் தெரிகிறது.

"அவங்க என்ன சொன்னாங்க? எனக்குச் சொல்லுங்களேன்" என்றேன்.

அவர் சொன்னார். நன்றாகச் சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் மாதிரியே தலையைச் சாய்த்துச் சொன்னார். சாய்ப்பாள், ஆமாம், சின்ன வயதிலிருந்தே. கடைசியில், "இந்த வெறும் இடத்தைக் காட்டி ஒண்ணு சொன்னாங்கம்மா. இது யாருக்கோ விட்ட இடம், வாங்கினவங்க எல்லாரும் தனக்கில்லன்னு விட்டுட்டுப் போயிருக்காங்க, அந்த மரியாதைதான் இந்த டம்ளர்ன்னாங்க" என்றார்.

வழியெல்லாம் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சாயங்காலம் போன் வந்தது. தலைவலி என்று பெரியவனை எடுத்துச் சொல்லச் சொன்னேன். எடுத்தால் ஏன்டி வீட்டுக்கு வரலன்னு கேட்டுடுவேனோன்னு பயம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காட்சியகத்துக்குப் போனதைச் சொல்லவில்லை. அவள் வந்ததை நானும் கேட்கவில்லை. அவள் மறைத்து வைத்திருப்பதை அவளே வைத்துக்கொள்ளட்டும். அதையும் போய்த் திறந்து பார்க்க வேண்டாம்.

"தலைவலி தேவலையாம்மா?" என்று கேட்டாள். தேவலை என்றேன். மழை, மாத்திரை, வாலுவின் பள்ளிக்கூடம் என்று கொஞ்ச நேரம் பேசினோம். வைக்கப் போகும்போது கேட்டேன்.

"சின்னது, ஒரு போட்டோ எடுத்து அனுப்புடி."

"டம்ளரையாம்மா? அது இப்போ அவங்ககிட்ட இருக்கு. கேட்டு வாங்கித் தரேன்."

"டம்ளர் வேணாம். உன்னோடது."

"என்னோடதா? எதுக்கும்மா?"

"வேணும். புதுசா எடுத்தது. ஆபீஸ்ல உன் மேஜைல உக்காந்திருக்கிற மாதிரி. போன்ல அனுப்பாதே, எனக்குப் பார்க்கத் தெரியாது, வாலு அழிச்சுடுவான். காகிதத்துல போட்டுத் தபால்ல அனுப்பு."

வைத்துவிட்டாளோ என்று, "இருக்கியா?" என்றேன்.

"இருக்கேன்மா" என்றாள். "பாக்கறேன்."

அனுப்புவாளா, தெரியவில்லை. கதவிலக்கத்திலிருந்து ஆரம்பித்து முழு விலாசத்தையும் மெதுவாகச் சொன்னேன். அவள் பிறந்து வளர்ந்த வீட்டு விலாசத்தை அவளுக்கே. குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டுக்கொண்டாள்.